இருபத்தோரு நிமிஷத்தில் சென்னை

புதுச்சேரியில் நிலம் கவர்னருக்கு, கடல் துறைமுகத்துக்காரர்களுக்கு, ஆகாயம் அவியோனுக்கு என்று மூன்று பாகமாகப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. முதல் இரண்டு பாகத்துக்கும் பத்திரம் உண்டு, வழக்கும் உண்டு. மூன்றாவதற்குப் பத்திரமும் இல்லை, இதுவரை ஒரு தகராறும் இல்லை. நெல்லித்தோப்புக் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "மேலே போவுதே அந்த மேகம், அது யாருது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "அவியோனுது" என்பார்கள்.

அவியோன் என்றால் பிரெஞ்சில் ஆகாய விமானம். எங்கள் அவியோனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய சம்சாரமே வாசலில் நின்று, "எங்க வூட்டு அவியோனைப் பாத்தீங்களா? கஞ்சி ஆறுது" என்று விசாரிப்பதைக் கேட்ட பிறகு, அந்தப் பெயரைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை.

தொழில் தையல். துரைமார்களின் கோட்டு, சாமியார்களின் அங்கி, சிப்பாய்களின் உடுப்பு, கல்யாண மாப்பிள்ளையின் முழுக்கால் சட்டை எல்லாம் அவர் கையால் வந்தால்தான் மடிப்பு நிற்கும். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து ப்ரெவே பரீட்சை தேறிவிட்டு, உத்தியோகத்துக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை கால் தரையில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்த காலம். வாசகசாலைக்கு வரும் பத்திரிகைகளில் விமானச் செய்தி எங்கே இருந்தாலும் படித்து வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் தவித்தேன். அவியோனோ கேட்கக் காது இருந்தும் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்தார். பிறகென்ன, அவர் கடை முக்காலியில் என் பெயர் எழுதாத குறைதான்.

கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய மேப்பு. ஊருக்குத் திரும்பிப் போன பிரெஞ்சு அதிகாரி ஒருவர் கோட்டு சுற்றிக்கொண்டு வந்த காகிதம் அது. கோட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் காகிதத்தை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். புதுச்சேரி முதல் சென்னைக்கு அப்பால் வரை அதில் அடக்கம். மாதா படம் இருந்த இடத்தில் அதை மாட்டியதில் அவருடைய சம்சாரத்துக்குத் தீராத கோபம்.

"மாதாவை மூலைக்குத் தள்ளிட்டு மெட்ராசை நடுவுல மாட்டியிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"மாதாவும் வானத்துக்குத்தானே போனாங்க? எங்க மேல அவங்களுக்கு ஒண்ணும் கோவம் இருக்காது."

அளவெடுக்கும்போது கூட அவருக்கு விமான நினைப்புத்தான். "கையை விரிங்க முசே" என்பார்; முசே என்றால் ஐயா. வாடிக்கையாளர் இரு கையையும் பக்கவாட்டில் நீட்டுவார். உடனே அவியோனுக்கு இறக்கை ஞாபகம் வந்துவிடும். இறக்கைக்கும் உடம்புக்கும் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று யோசித்தபடியே மேப்பின் பக்கம் போய்விடுவார். ஒருமுறை ஒரு கோர்ட்டுக் குமாஸ்தா அப்படியே கை விரித்து நின்று, இறக்க மறந்துபோனார். தெருவில் போன ஒரு கிழவி, தபசு காலத்து ஒறுத்தல் போலிருக்கிறது என்று எண்ணி, அவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்சி டேப்புக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் அங்குலம் என்கிற இஞ்சி, மறு பக்கம் சாந்திமேத்தர், அதாவது சென்டிமீட்டர். புதுச்சேரி வெள்ளைக்காரர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வந்தால் சாந்திமேத்தர்ப் பக்கம். கூடலூர், விழுப்புரம் என்று இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து யார் வந்தாலும் இஞ்சிப் பக்கம். ஆளைப் பார்த்ததுமே டேப்பு தானாகத் திரும்பும். "அவங்கவங்க உடம்பு அவங்கவங்க அளவுலதான் ஒழுங்கா நிக்கும் தம்பி" என்பது அவர் சித்தாந்தம். எல்லைக்கு இந்தப் பக்கம் கிலோமீட்டர், அந்தப் பக்கம் மைல் என்று கல் நட்டிருக்கிற ஊரில் இந்தச் சித்தாந்தத்தில் பிழை இருப்பதாக யாருக்கும் படவில்லை.

இந்த மனிதர்தான் ஒரு நாள் மேப்பில் நம் லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டிலிருந்து சென்னை மீனம்பாக்கத்து விமானத் திடல் வரை டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தார். அளந்ததை மேப்பின் அடியில் போட்டிருந்த கணக்கால் பெருக்கினார். நான் படித்துச் சொல்லியிருந்த விமானத்தின் வேகத்தால் வகுத்தார். பெருக்கலையும் வகுத்தலையும் என்னிடம் சரிபார்க்கச் சொன்னார். இரண்டும் சுத்தமாக இருந்தன.

"இருபத்தோரு நிமிஷம்!" என்று கடையை விட்டுத் தெருவுக்கே வந்து அறிவித்தார். "புதுச்சேரியிலேருந்து மெட்ராசுக்கு இருபத்தோரு நிமிஷம்!"

தெரு நம்பவில்லை. எதிர்க்கடை மளிகைக்காரர், "என்னா அவியோன், ராத்திரி ரெயில் ஏறினா விடியறப்பதான் எழும்பூரு வருது. அதை நீ வெத்தலை போடற நேரத்துல போறேங்கிறியே?" என்றார்.

அவியோன் சிரித்தார். மடியில் கிடந்த துணியை ஒரு கையால் கசக்கிப் பிடித்தார்.

"இதை இப்பிடியே அளந்தா என்ன அளவு வரும்?"

"அது எப்பிடிய்யா அளக்கிறது, கசங்கிக் கெடக்குதே?"

"அதான். ரெயிலும் ரோடும் கசங்கின துணி. விழுப்புரம் போயி ஒரு மடிப்பு, செங்கல்பட்டுல ஒரு சுருக்கம். நடுவுல சுங்கச்சாவடியில மூட்டையைப் பிரிச்சு மறுபடியும் கட்டறதுக்கு ஒரு சுருக்கம். ஆகாயம் இருக்கே, அது இஸ்திரி போட்ட துணி."

மளிகைக்காரர் கடைக்குள் திரும்பிப் போய்த் தராசைத் துடைத்தார். எனக்கோ கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவும் தட்டினேன்.

பேச்சோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. ஊர் ஊராகப் பறந்து போய், திடல்களில் இறங்கி, ஆசைப்பட்டவர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் வெள்ளைக்கார விமானி ஒருவர் சென்னைக்கு வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். படித்த வாயை மூடுவதற்குள் அவியோன், "எழுதுங்க தம்பி, நம்ம ஊருக்கு வரச் சொல்லி" என்றார். எழுதினேன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்களை எல்லாம் அந்த ஒரே கடிதத்தில் செலவழித்தேன். பதிலும் வந்தது! மேடுபள்ளம் இல்லாத இடம் வேண்டும். தரையில் வெள்ளைத் துணியால் பெரிய சிலுவைக் குறி போட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டக் கம்பத்தில் ஒரு துணிக்குழாய் கட்ட வேண்டும். திருச்சிக்குப் போகும் வழியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி, புதுச்சேரியில் இறங்கி, இடம் தயார் செய்தவரை ஒரே ஒரு சுற்று இலவசமாக ஏற்றிக் காட்டுவாராம். அதற்கு மேல் பெட்ரோலும் இல்லை, நேரமும் இல்லை.

அன்று அவியோன் ஒரு சாமியாருடைய அங்கிக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டார்.

அனுமதி வாங்கப் போனது தனிக் கதை. ஓர் அலுவலகத்தில், வெளியூரிலிருந்து வருவதால் கப்பல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்தவர், "எத்தனை டன் சரக்கு? நங்கூரம் எங்கே போடுவீங்க?" என்று கேட்டார். "நங்கூரம் இல்லீங்க முசே, சக்கரம்" என்றார் அவியோன். "சக்கரம்னா வண்டி. வண்டிப் பிரிவுக்குப் போ." வண்டிப் பிரிவில், "மாடு எத்தனை?" என்றார்கள். வெறுத்துப்போய், "ஒரு வெள்ளைக்காரர் காத்தாட வர்றாருங்க" என்றார் அவியோன். உடனே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

லாஸ்பேட்டை மேட்டில் முள்ளையும் கல்லையும் நாங்களே பொறுக்கினோம். காற்றுக் குழாயைச் சிவப்புக் கம்பளித் துணியில் தைத்துக் கம்பத்தில் ஏற்றியதும், ஆடு மேய்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "ஒத்தைக் கால் சட்டை யாருக்குங்க?" என்று வருத்தமாக விசாரித்தார்கள்.

இதற்கு நடுவில்தான் சவரிமுத்து வந்து சேர்ந்தார்.

சவரிமுத்து விழுப்புரம் சாலையில் எல்லைச் சுங்கச்சாவடியில் வேலை பார்ப்பவர். அவருடைய மகன் அந்துவானுக்கும் அவியோனுடைய மகள் பிலோமினாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெரியவர்கள் நிச்சயித்தார்கள் என்று ஊர் சொல்லும். ஆனால் அந்துவான் சட்டையில் மட்டும் வாரத்துக்கு ஒரு பொத்தான் உதிரும், அதை அவன் ரெட்டியார்பாளையத்திலிருந்து இத்தனை தூரம் கொண்டுவந்து பிலோமினாவிடம்தான் தைத்துக்கொள்வான் என்பது முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். மாதா கோயிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை கூறியாகிவிட்டது. 'இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று சாமியார் மூன்று வாரம் அறிவிக்க வேண்டும். மூன்றாவது ஓலை பாக்கி.

சவரிமுத்து எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பாத மனிதர். பாகற்காய் வாங்கினாலும் நடுவில் நகத்தால் கீறி, உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்படிப்பட்டவருடைய காதில் இருபத்தோரு நிமிஷம் விழுந்தது. சாவடியில் வண்டிக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தி, ஒரு வார்த்தை கேக்கறேன். நெசமாவே இருபத்தோரு நிமிஷமா?"

"இருபதுன்னே சொல்லலாம். ஒரு நிமிஷம் எறங்கறதுக்கு வெச்சிருக்கேன்."

"என் சாவடியில ஒரு வைக்கோல் வண்டியைக் குத்திப் பாக்கவே அரை மணி ஆவுதுய்யா!"

"மேலே வைக்கோல் இல்லியே சம்பந்தி."

சவரிமுத்துவின் முகம் சிவந்தது. "இதோ பாருங்க. ஊரு சிரிக்கிற வூட்டுல சம்பந்தம் வெச்சுக்கிட்டு நான் சாவடியில எப்பிடி நிக்கறது? மூட்டையைப் பிரிடான்னு சொன்னா, 'மொதல்ல உங்க சம்பந்தி மண்டையைப் பிரிச்சுப் பாருங்க'ங்கிறான் ஒருத்தன். சனிக்கிழமை எட்டு மணிக்குக் கெளம்புதுன்னு சொல்றீங்க. எட்டு இருபத்தொண்ணுக்கு வந்து நிக்கட்டும், ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை கூறட்டும். வரலையா, சாயங்காலமே சாமியைப் பாத்து நிறுத்திப்புடுவேன்."

உள்ளே தையல் மிஷினின் சத்தம் நின்றது. பிலோமினா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

அவியோன் கொஞ்சமும் கலங்கவில்லை. "அவ்வளவுதானே? சனிக்கிழமை நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை லாஸ்பேட்டை மேடு திருவிழாவாகிவிட்டது. சுண்டல்காரன் இரண்டு முறை கூடை நிரப்பிக்கொண்டு வந்தான். பறக்கும் பிசாசு வருகிறது என்று கேள்விப்பட்டு, முன்னெச்சரிக்கையாகத் தீர்த்தக் குப்பியோடு வந்தவர்களும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவில் அவியோன் வந்து சேர்ந்தபோது கூட்டமே வழிவிட்டது. கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு. உள்ளே இரட்டைத் துணி வைத்துத் தைத்தது. யாருக்கும் காட்டாமல் ராத்திரிகளில் தைத்திருக்கிறார். வெயிலில் வேர்வை ஆறாக ஓடியது.

"கழட்டி வையுங்களேன்" என்றேன்.

"மேலே குளிரும் தம்பி. ஒடம்பு இப்பவே பழகிக்கட்டும்."

சவரிமுத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையில் திறந்த கடிகாரத்தோடு, மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரு பனங்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

எட்டு இருபத்தொன்று. காலாப்பட்டுப் பக்கம் வடக்கு வானத்தில் ஒரு புள்ளி! கூட்டம் ஓவென்று கத்தியது. புள்ளி நெருங்கி வந்தது, வட்டமடித்தது, சுண்டல் கூடையைக் குறி பார்த்தது. பருந்து.

எட்டு இருபத்தைந்து. "எதிர்க்காத்து" என்றார் அவியோன்.

எட்டு முப்பது. "ஒரு நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப பத்து நிமிஷம் முன்னப் பின்ன ஆவறதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டம் அவரைப் பேச விடவில்லை.

"அவியோன், திண்டிவனத்துல காப்பி குடிக்க எறங்கியிருக்கும்!"

"இல்லப்பா, மேகத்துல முள்ளு குத்திப் பஞ்சராம்!"

"சாவடியில மாட்டிக்கிச்சு! சவரிமுத்து இங்க குந்திக்கிட்டிருக்காரு, அங்க யாரு தொறந்து வுடறது?"

இந்தக் கடைசி வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. சவரிமுத்து 'டப்' என்று கடிகாரத்தை மூடினார். மணி எட்டு நாற்பது. "கெளம்பு அந்துவான்" என்று எழுந்தார். அந்துவான் காலை மாற்றி மாற்றி நின்றானே தவிர நகரவில்லை. அவன் சட்டையில் அன்று எல்லாப் பொத்தானும் இருந்தது. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

அவியோன் வடக்கு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் சிரித்ததற்காக அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அன்று குனிந்தது. "எங்க தப்புன்னு தெரியலியே தம்பி" என்று என் காதில் மட்டும் விழும்படி சொன்னார். "அவரு போனாப் போவட்டும்னு சொல்ல முடியுமா? எம்பொண்ணு மிஷினையே தொட மாட்டேங்கிறா ரெண்டு நாளா."

அப்போதுதான் பிலோமினா பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

"அப்பா, மெட்ராசை எந்தப் பக்கத்துல அளந்தே?"

"எந்தப் பக்கத்துலன்னா? இஞ்சிப் பக்கந்தான்."

"ஏன்?"

"நல்லாக் கேட்டே போ! இங்கிலீஷ்காரன் ஊரை வேற எதுல அளப்பாங்க?"

பிலோமினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஊரு இங்கிலீஷ்காரன் ஊருப்பா. மேப்பு பிரான்சுக்காரன் மேப்பு! சாந்திமேத்தருக்கு அஞ்சு கிலோமீட்டருன்னுதானே அதுல போட்டிருக்கு? நீ இஞ்சியில அளந்துட்டு அஞ்சால பெருக்கினியா?"

சரிபார்த்தவன் நான். பெருக்கல் சரி, வகுத்தல் சரி, பெருக்கிய எண்தான் வேறு தேசத்து எண்.

அவள் விறுவிறுவென்று சவரிமுத்து முன்னால் போய் டேப்பை நீட்டிப் பிடித்தாள். "மாமா, இங்க பாருங்க. இந்தப் பக்கம் ஒம்போதரை இஞ்சி. திருப்பினா இருபத்து நாலு சாந்திமேத்தர். அஞ்சால பெருக்கினா நூத்தி இருபது கிலோமீட்டரு. வர்றதுக்கு அம்பத்து மூணு நிமிஷம். இன்னும் பதிமூணு நிமிஷம் நில்லுங்க."

சவரிமுத்து டேப்பை வாங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வேறு ஏதாவது பக்கம் ஒளிந்திருக்கிறதா என்று நகத்தால் கீறினார். வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒருவர், அவர் கேட்பதற்கு முன்பே மூட்டையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்! மறுபடியும் பனங்கட்டையில் உட்கார்ந்தார்.

"சரி. பதிமூணு நிமிஷம்."

நான் அவியோனைத் தேற்றுவதற்காகத் திரும்பினேன். தேற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தப்பு தெரிந்த மனிதனின் முகமா அது!

"தம்பி, நூத்தி இருபதா? நாப்பத்தேழுன்னு இல்ல நெனச்சேன்! அம்மாடி, அவ்வளவு தூரமா பறந்து வருது! நம்ம ஊருக்கா!"

எட்டு ஐம்பத்து மூன்று. ஒன்றும் இல்லை. சுண்டல்காரன் கூட விற்பதை நிறுத்திவிட்டான். அடுத்த நிமிஷம் எங்கோ தூரத்தில் ஒரு தையல் மிஷின் ஓடுவது போலக் கேட்டது. அந்தச் சத்தத்தை முதலில் அடையாளம் கண்டுகொண்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "வந்துட்டான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆடுகள் எல்லாம் கட்டறுத்துக்கொண்டு ஓடின. காலாப்பட்டுப் பக்கமிருந்து, கடலை ஒட்டி, வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது விமானம். ஒற்றைக் கால் சட்டையைப் பார்த்தது, சிலுவையைப் பார்த்தது, செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு இறங்கி, குலுங்கி, நின்றது.

எல்லோரும் விமானியைப் பார்க்க ஓடினார்கள். அவியோன் இறக்கையைப் பார்க்க ஓடினார். மெல்லத் தொட்டார். விரலால் தட்டினார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது.

"துணி" என்றார்.

"என்ன?"

"தம்பி, இது துணி! இத்தனை நாளா இரும்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். துணியை இழுத்துத் தெச்சு மருந்து பூசியிருக்காங்க. இதோ பாருங்க தையலு! எந்தத் தையக்காரனோ தெச்சிருக்கான். அதுதான் தம்பி பறக்குது!"

விமானி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நேரமாகிறது, யார் ஏறுவது என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள், "சோதனை போடாம ஒருத்தரும் ஏறக் கூடாது" என்று ஒரு குரல். சவரிமுத்து! எல்லை தாண்டி வந்த வண்டியைச் சும்மா விடலாமா? உட்காரும் பலகைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். ஒரு தகர டப்பாவைத் திறந்து ரொட்டித் துண்டை மோந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே நின்ற விமானியின் தொப்பியைக் கூடத் தட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்தும் அவர் நகரவில்லை. சக்கரத்தையும் இறக்கையையும் அந்தச் சின்ன ஆசனத்தையும் வாயைப் பிளந்து பார்த்தபடி நின்றார். அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழே அப்படி ஒரு குழந்தை வாய் இருப்பது எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது.

அவியோன் ஒரு காலை இறக்கையின் படியில் வைத்துவிட்டார். திரும்பினார். சவரிமுத்துவைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

"சம்பந்தி, நீங்க ஏறுங்க."

"நானா? ஐயையோ, இது உங்களுது."

"வெயில்ல முப்பத்து மூணு நிமிஷம் உங்களைக் கூடுதலாக் குந்த வெச்சிருக்கேன். ஏறுங்க."

"அவியோன், பைத்தியமா உனக்கு?" என்று கூட்டம் கத்தியது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தே பார்த்தேன். ஒரே ஒரு சுற்று! இன்னொரு விமானம் எந்த ஜன்மத்தில் நெல்லித்தோப்புக்கு வரும்? அவர் என் கையைத் தட்டிவிட்டுக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கோட்டு அவர் அளவுக்குத் தைத்தது. சவரிமுத்துவோ இரண்டு அவியோன். கை நுழைந்தது, முதுகு ஒத்துழைக்கவில்லை. அவியோன் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். எத்தனையோ ராத்திரி கண்விழித்துத் தைத்த முதுகுத் தையலை, கீழிருந்து கழுத்துப்பட்டி வரை 'சர்' என்று பிரித்துவிட்டார். முன்பக்கம் பொத்தான் போட்டார். பின்பக்கம் இரண்டு குண்டூசி.

"முதுகு தெரியுதே சம்பந்தி?" என்றார் சவரிமுத்து மெல்லிய குரலில்.

"மேலே உங்க முதுகைப் பாக்க யாரு இருக்கா? நெஞ்சுல குளிரு படாம இருந்தாப் போதும்."

சவரிமுத்து கடிகாரத்தை அவியோன் கையில் கொடுத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். விமானம் ஊருக்கு மேலே போய், கடலோரமாகத் திரும்பி, ரெட்டியார்பாளையத்துக்கு அப்பால் வட்டமிட்டு வந்து இறங்கியது. எல்லோரும் வானத்துக்குக் கையாட்டினார்கள். அவியோன் மட்டும் ஒரு கண்ணால் விமானத்தையும் ஒரு கண்ணால் கடிகாரத்தையும் பார்த்தார். "பத்து நிமிஷம்" என்றார், அது தரையைத் தொட்டதும். "சுத்தமாப் பத்து."

சவரிமுத்து இறங்கியதும் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிரிந்த கோட்டு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்து கிடந்தது. மகன் ஓடிப்போய்த் தாங்கினான்.

"அந்துவான், நம்ம சாவடியைத் தேடினேன்டா. எல்லைக்கோடு எதுன்னு தேடினேன். ஒண்ணையும் காணோம்! இந்தப் பக்கமும் நெல்லு, அந்தப் பக்கமும் நெல்லு. இத்தனை வருஷமா நான் எதைடா காவல் காத்தேன்?" மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "போ, சாமியார் கிட்ட போயி நாளைக்கு ஓலையைக் கொஞ்சம் சத்தமாக் கூறச் சொல்லு."

மூன்றாவது ஓலை கூறினார்கள். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் கோட்டை எந்தப் பக்கத்தில் அளந்தார்கள் என்று கேட்காதீர்கள், பிலோமினாவே அளந்தாள். மறுநாள் முதல் சவரிமுத்து பழையபடி சாவடியில் மூட்டை பிரிக்கிறார், என்ன, முன்போல நகத்தால் கீறுவதில்லை. எனக்கும் ஒருவழியாக உத்தியோகம் வந்தது. ஆனால் சாயங்காலம் ஆனால் கால் நெல்லித்தோப்புக்குத்தான் போகிறது.

சாவடி வேலை முடிந்து சவரிமுத்து நேரே கடைக்கு வருவார். மேப்புக்கு எதிரே உட்கார்ந்து, "சம்பந்தி, நான் மேலே போனேன் பாருங்க" என்று தொடங்குவார். முதல் மாதம் அது பத்து நிமிஷப் பயணமாகத்தான் இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் அரை மணி ஆயிற்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் கூடலூரைத் தாண்டிவிட்டது. நேற்று காரைக்கால் வரை போய், கோயில் கோபுரத்தின் உச்சியைக் கையால் தொட்டுவிடும் தூரத்தில் பறந்து, கடலுக்கு மேல் திரும்பியது. பத்திரிகையில் ஒரு நிமிஷம் தப்பாகப் போட்டாலும், "இவனுக்கு யாரு கணக்கு சொல்லிக் குடுத்தது?" என்று சண்டைக்கு நிற்கிற மனிதர் அவியோன். அந்தப் பத்து நிமிஷமும் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவுதான் சம்பந்தி, அப்பிடியே லாஸ்பேட்டைப் பக்கம் திரும்பி..." என்று சவரிமுத்து முடிக்கப் போனார்.

"இருங்க, இருங்க" என்றார் அவியோன், கண்ணைத் திறக்காமலே. "என்னா அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் எறங்க வேணாம்."